2010 எக்ஸோராவா, 2013 எக்ஸோரா போல்டா?

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மாமனார் மாமியாரோடு சேர்த்து வீட்டில் ஆறு பேர். மலேசிய நிறுவனமான புரோட்டானின் ஏழு இருக்கை எக்ஸோரா இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 2010இன் சாதாரண 1.6 ஆட்டோ. இன்னொன்று 2013இன் டர்போ, 'போல்ட்' என்று பெயர் போட்டது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று வருஷம் புதியதையே எடுப்போம் என்கிறார் கணவர். புரோட்டானே வேண்டாம் என்கிறார் மாமா. கடைசியில் ஒரு வரி: "அப்பாவின் பழைய சாகா எத்தனையோ வருஷம் உழைத்தது, இதிலும் மிட்சுபிஷி இன்ஜின்தானே அண்ணே?"

அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. இல்லை தங்கச்சி, எக்ஸோராவின் இன்ஜின் மிட்சுபிஷி இல்லை. மிட்சுபிஷி வழியில் வந்தது கியர் பாக்ஸ் மட்டும்தான், அதுவும் நீங்கள் பார்த்த இரண்டில் 2010 வண்டியில் மட்டும். சரியாகப் பராமரித்த வண்டி என்றால் நான் 2010-ஐத்தான் எடுக்கச் சொல்வேன். ஏன் என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

புரோட்டான் 1983 மே மாதம் பதிவானது. ஹைக்கோம் என்ற அரசு நிறுவனத்துக்கு 70 விழுக்காடு, மீதி முப்பதை மிட்சுபிஷியின் இரண்டு நிறுவனங்கள் பாதிப் பாதியாக வைத்திருந்தன. 1985 ஜூலையில் முதல் சாகா வந்தது. அடுத்த மாதமே அன்றைய பிரதமர் மகாதீர் தேசியக் கொடி பறக்க ஒரு சாகாவில் பினாங்கு பாலத்தைக் கடந்து திறந்து வைத்தார். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தச் சாகா உள்ளுக்குள் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. 1.3, 1.5 என்ற இரண்டு இன்ஜினும் அவர்களுடையவை, கியர் பாக்ஸும் அவர்களுடையது. உங்கள் அப்பாவின் வண்டி அத்தனை காலம் ஓடியதில் பாதிப் புண்ணியம் அங்கே சேர வேண்டும். மீதிப் பாதி, எந்தப் பட்டறையிலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் அளவுக்கு அது எளிமையாக இருந்தது. 1993இல் வந்த வீராவும் அதே வழிதான்.

அப்புறம் புரோட்டானுக்குச் சொந்தக் காலில் நிற்க ஆசை வந்தது. தப்பான ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கினார்கள். வண்டி ஓட்டுவதற்கு எப்படி இருக்க வேண்டும், வளைவில் எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஆட்கள் அவர்கள். 2000இல் வந்த வாஜாதான் புரோட்டான் தானே வடிவமைத்த முதல் வண்டி, ஆனாலும் இன்ஜின் மிட்சுபிஷியுடையது. 2004இல் ஜென்-2 வந்தபோதுதான் லோட்டஸ் உதவியோடு உருவான சொந்த இன்ஜின், கேம்ப்ரோ, வெளியே வந்தது. அதே ஆண்டில் மிட்சுபிஷி மோட்டார்ஸ் தன் பங்கை விற்றுவிட்டு விலகியது. இருபது வருஷக் கூட்டாளி போனதும், உதிரிப் பொருளைப் பரிசோதித்துப் பார்க்கும் அந்த ஜப்பான் பழக்கமும் கூடவே போய்விட்டது என்பது என் கணிப்பு.

முதல் கேம்ப்ரோ சக்தியுள்ள இன்ஜின்தான். ஆனால் நிமிடத்துக்கு 2,500, 3,500 சுற்றுக்கு நடுவில் திடீரென்று சோர்ந்துபோகும். ஊருக்குள் ஓட்டும்போது நாம் அதிகம் இருப்பது அந்தச் சுற்றில்தான். இதைச் சரிசெய்யத்தான் வால்வு திறக்கும் உயரத்தை மாற்றிக்கொள்ளும் சிபிஎஸ் ஏற்பாட்டையும், காற்று உள்ளே போகும் பாதையை நீட்டிச் சுருக்கும் இன்னொரு ஏற்பாட்டையும் பிறகு சேர்த்தார்கள். உங்கள் 2010 வண்டியில் இருப்பது இந்தத் திருத்திய இன்ஜின்: 1,597 சிசி, 125 குதிரைத்திறன்.

இந்த நேரத்தில் நிறுவனத்தின் நிலைமை நன்றாக இல்லை. 2006இல் விற்பனையில் இன்னொரு மலேசிய நிறுவனமான பெரோடுவா முந்திவிட்டது. ஃபோக்ஸ்வாகனோடு கூட்டுச் சேரும் பேச்சு இழுத்து இழுத்து 2007 கடைசியில் முறிந்தது. இத்தாலியில் ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைப் பல கோடி கொடுத்து வாங்கி, ஒரே ஒரு யூரோவுக்கு விற்ற கதையும் நடுவில் உண்டு. அதைப் பேச ஆரம்பித்தால் மாமாவுக்குத் தெம்பு வந்துவிடும், விடுங்கள். பெர்சோனாவும் புதிய சாகாவும் நன்றாக விற்றுக் கையில் கொஞ்சம் காசு வந்த பிறகுதான், 2009 ஏப்ரலில் எக்ஸோரா வந்தது. பொதுமக்களுக்குப் போட்டி வைத்து அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்படிப் பிறந்த வண்டி என்று தெரிந்தால் அதன் குணமும் பிடிபடும். எக்ஸோராவில் எது நன்றாக இருக்கிறதோ அது லோட்டஸ் கற்றுக்கொடுத்தது. எது தொல்லை தருகிறதோ அது பெரும்பாலும் மலிவாக வாங்கிப் பொருத்திய ரப்பர், பிளாஸ்டிக், மின் மோட்டார்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கிட்டத்தட்ட 4.6 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். மூன்றாவது வரிசையில் பெரியவர் ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ வரை முழங்கால் மடங்கி நோகாமல் உட்கார்ந்து போகலாம். பின்வரிசைகளுக்குக் கூரையிலிருந்து ஏர்கோன் காற்று வரும். கோலாலம்பூர் போகும் வழியில் மாமியார் 'காத்தே வரலியே' என்று சொல்லமாட்டார். தாழ்வாக இருப்பதால் வயதானவர்கள் ஏறி இறங்கச் சிரமமில்லை. பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போதும் வண்டி ஆட்டம் காட்டாமல் போகும். இந்த விஷயத்தில், அதே காலத்து ஜப்பான் பெயர் போட்ட ஏழு இருக்கை வண்டிகள் பலவற்றை விட எக்ஸோரா ஒரு படி மேல்தான். மாமாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கெட்டது: சாலையில் இது பாரமான வண்டி. வெறும் வண்டியே 1.4 டன் பக்கம் வரும். ஏழு பேரும் சாப்பாட்டுக் கேரியரும் பெட்டிகளும் ஏறினால் இரண்டு டன்னை நெருங்கிவிடும். 125 குதிரைகள் அதை இழுக்கும், ஆனால் முனகிக்கொண்டே இழுக்கும். நாலு கியர் ஆட்டோ என்பதால் மேட்டில் ஒரு கியர் இறங்கும்போது இன்ஜின் சத்தம் தூக்கிக் கொடுக்கும். பெட்ரோலும் ஊருக்குள் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். ஆனால் அந்த நாலு கியர் பெட்டிதான் மிட்சுபிஷி வம்சம். வாஜா காலத்திலிருந்து பட்டறைக்காரர்கள் கைவைத்துப் பழகியது. எண்ணெய் எஸ்பி-3 ரகம்தான் ஊற்ற வேண்டும். ஏதோ ஒன்றை ஊற்றிவிட்டு கியர் உதைக்கிறது என்று குறைசொல்வது இங்கே சகஜம்.

இப்போது டர்போ. அந்த முனகலை நிறுத்தத்தான் 2011 டிசம்பரில் எக்ஸோரா போல்ட் வந்தது. அதே கேம்ப்ரோதான், பிஸ்டன் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்து 1,561 சிசி ஆக்கி, டர்போ மாட்டி, சிஎஃப்இ என்று பெயர் வைத்தார்கள். 138 குதிரைத்திறன் என்பது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. இழுவிசைதான் வித்தியாசம்: பழையதில் 150 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றைத் தாண்டினால்தான். இதில் 205, அதுவும் 2,000 சுற்றிலேயே. நல்ல நிலையில் இருக்கும் ஒரு போல்டை ஓட்டிப் பார்த்தால் உங்கள் கணவருக்குப் பிடித்துப்போகும், அதில் சந்தேகமே இல்லை. ஓட்டுவதற்கு அதுதான் நல்ல வண்டி.

ஆனால் பத்து வருஷம் தாண்டிய டர்போ வண்டி என்பது வேறு கதை. டர்போ சூடு அதிகம். அந்தச் சூட்டில் ரப்பர் குழாய்கள் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். இந்த இன்ஜினில் எல்லோருக்கும் தெரிந்த நோய், ஆயில் கூலருக்குப் போகும் குழாய். அது கசிந்தால் இன்ஜின் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையில் போய்விடும். எச்சரிக்கை விளக்கு எரியும்போது கவனிக்காமல் இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் இறுகிவிடும். புரோட்டானே பிறகு வண்டிகளைத் திரும்ப அழைத்து இந்தக் குழாயை மாற்றிக் கொடுத்தது. நீங்கள் பார்த்த வண்டியில் மாற்றியாகிவிட்டதா என்று புரோட்டான் சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். மாற்றியிருந்தாலும் அந்தக் குழாய்க்கும் இப்போது வயதாகிவிட்டது.

அடுத்தது கியர் பாக்ஸ். போல்ட் ஆட்டோவில் இருப்பது பெல்ஜியத்தின் பஞ்ச் நிறுவனத்திடம் வாங்கிய சிவிடி. படிப்படியான கியர் கிடையாது. இரண்டு கூம்பு உருளைகளுக்கு நடுவில் ஓர் உலோகப் பட்டை ஓடும். லேசான வண்டியில், நேரத்துக்கு எண்ணெய் மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு மலையேறுவதும், டோலில் நகர்ந்து நகர்ந்து நிற்பதும் அதற்கு ஆகாது. இது கெட்டால் சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) போகும். எல்லாப் பட்டறையிலும் செய்யவும் மாட்டார்கள், கழற்றி வேறிடத்துக்கு அனுப்பி வைப்பார்கள். பழைய நாலு கியர் பெட்டி கெட்டால், பிறையிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ பழைய வண்டி உடைக்கும் கடையில் வேறொன்று கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

சரி, பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்? காலையில் போங்கள், விற்பவரிடம் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு. பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவுங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது, அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அப்படியே. இன்ஜின் தலையின் மேல்மூடி ஓரத்தில் கேஸ்கெட் கசிந்து ஈரமாக இருப்பது சகஜம். அது சின்ன வேலை, விலை குறைக்கப் பேசிக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் செய்தபின் ஏர்கோனைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே டி-க்கும் ஆர்-க்கும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நொடிக்குள் மென்மையாகப் பிடிக்க வேண்டும். 'டொக்' என்று உதைத்தால் இன்ஜின் மவுண்டிங்காக இருக்கலாம். புரோட்டான்களில் அது தேய்வது சகஜம், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது இருக்கை அதிர்வதும் அதனால்தான். பிடிக்கவே நேரம் எடுத்தால் அது கியர் பாக்ஸ். நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்குங்கள். புரோட்டான் பவர் விண்டோவைப் பற்றி நாடே சிரித்த காலம் ஒன்று உண்டு. எக்ஸோராவில் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் டோலில் நின்று கண்ணாடி இறங்காமல் கதவைத் திறந்து கார்டு தட்டும் பாக்கியம் உங்களுக்கு வேண்டாம். பின்வரிசையில் ஏறி உட்கார்ந்து, கூரைக் காற்று குளிர்ச்சியாக வருகிறதா என்று பாருங்கள். முன்னால் குளிர்ந்து பின்னால் வெறும் காற்று வந்தால், பழுது பார்க்கக் கூரை விரிப்பையே இறக்க வேண்டி வரலாம்.

அப்புறம் மேடு. போல்ட் வண்டி பினாங்குத் தீவில் ஆயிர் ஈத்தாமில் இருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியானால் வேலை சுலபம். பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் ஏறி பாலேக் புலாவ் பக்கம் இறங்குங்கள், முடிந்தால் வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு. அந்த வளைவுகளில் மெதுவான லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. நின்று நின்று கிளம்பும்போது வண்டி நடுங்கினாலோ, ஆக்சிலேட்டரை மிதித்ததும் சுற்று ஏறி வேகம் ஏறாமல் இருந்தாலோ, ஊளையிடும் சத்தம் கேட்டாலோ சிவிடிக்கு நாள் குறித்தாயிற்று. மேலே போய் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கி முகர்ந்து பாருங்கள். கருகிய எண்ணெய் வாடை, இனிப்பான கூலன்ட் வாடை, இரண்டும் இருக்கக் கூடாது. வெப்பமானி முள் நடுவைத் தாண்டியிருக்கக் கூடாது. 2010 வண்டிக்கும் இதே ஏற்றம்தான் சோதனை. அது சத்தம் போடும், ஆனால் நடுங்காது.

2010இல் இன்னொன்று கேட்க வேண்டும்: டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்? கேம்ப்ரோவில் சங்கிலி இல்லை, பெல்ட். அறுந்தால் வால்வு வளைந்துவிடும், செலவு வண்டி விலையில் நல்லதொரு பங்கைத் தின்றுவிடும். ரசீது இருந்தால் நம்பலாம். 'போன வருஷம்தான் மாத்தினேன்' என்று வாயால் சொன்னால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் கூலி ஒரே கூலிதான்.

டாக்சி விஷயம். 1மலேசியா டாக்சித் திட்டத்தில் நிறைய எக்ஸோராக்கள் டாக்சியாக ஓடின. அவற்றில் சில பிறகு தனியார் வண்டியாக மாற்றி விற்பனைக்கு வந்திருக்கின்றன. டாக்சிக்கு எச் எழுத்தில் தொடங்கும் எண். மாற்றும்போது புது எண் கொடுப்பார்கள். ஆகவே 2013 வண்டிக்கு நேற்று வந்த வரிசையில் எண் இருந்தால் காரணம் கேளுங்கள். ஆசைக்கு எண் வாங்கினவராகவும் இருக்கலாம், தப்பில்லை. கதவு ஓரங்களிலும் பானட் அடியிலும் வேறு நிறப் பூச்சு எட்டிப் பார்க்கிறதா, கூரையில் விளக்கு மாட்டிய துளையை அடைத்த தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரமும் பொய் சொல்லாது.

மாமா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்து பேர் எப்போதும், ஆறாவது ஆள் எப்போதாவது என்றால், அதே 2009 கடைசியில் வந்த பெரோடுவா அல்சாவைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உள்ளே டைஹாட்சு, ஆகவே தொல்லை குறைவு, மறுவிற்பனை விலையும் அதிகம். ஆனால் அதன் மூன்றாவது வரிசை சின்னப் பிள்ளைகளுக்குத்தான். உங்கள் வீட்டில் மூன்றாவது வரிசை தினமும் வேண்டும். பழைய இன்னோவா நல்ல வண்டி, அதே காசுக்கு இன்னும் பழையதாகத்தான் கிடைக்கும். 2,000 சிசி என்பதால் ரோட் டேக்ஸும் கூட. எக்ஸோரா இரண்டுமே 1,600-க்குள் அடங்கிவிடும்.

உதிரிப் பொருள் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2012இல் புரோட்டான் டிஆர்பி-ஹைக்கோம் கைக்குப் போனது, 2017இல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காடு வாங்கியது. புதிய எக்ஸ்70, எக்ஸ்50 எல்லாம் ஜீலி வழி. ஆனால் எக்ஸோராவை அவர்கள் உடனே நிறுத்தவில்லை, 2023 வரை தயாரித்தார்கள். அதனால் இன்னும் பல வருஷத்துக்குப் பொருள் தட்டுப்பாடு வராது. கடையில் ஒரே பொருள் அசல், அசலுக்குச் சமம், மலிவு என்று மூன்று விலையில் இருக்கும். ரப்பர் குழாய், மவுண்டிங், தெர்மோஸ்டாட் இவற்றுக்கு அசலையே வாங்குங்கள். விளக்குக் கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் மலிவு போதும்.

இந்த வயது வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் ரொக்கம்தான். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். பெல்ட், மவுண்டிங், எல்லா எண்ணெயும், டயர் என்று முதல் மாதத்திலேயே இரண்டு மூன்றாயிரம் வெள்ளி கேட்கும். பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் சோதனை உண்டு. அங்கே பார்ப்பது சேஸிஸ் எண், பிரேக், விளக்கு, கண்ணாடிக் கருப்பு போன்றவைதான். 'புஸ்பாகோம் பாஸ்' என்பது இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அசல் கிராண்ட்டை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, வாங்கி, வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். விற்பவர் பெயரில் சம்மன் பாக்கி இருந்தால் அவரையே கட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.